அயர்ன் ஹார்வெஸ்ட்: ஆடுகளைக் கொண்டு இரும்புப் புலியை மடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் விடுதியிலிருந்து வந்துவிடும் அக்கா மகன், சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு அயர்ன் ஹார்வெஸ்ட் என்ற கணினிப் போர் விளையாட்டை ஆடியபடி திரையை முறைத்துக்கொண்டு கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது. இருபது நிமிடங்களாக இரும்பையும் எண்ணெயையும் சேர்த்துச் சேர்த்து அவன் கட்டிய பேருருவ மெக் (கால்களால் நடக்கும் இரும்புப் போர்ப்பொறி), ஒரு கிராமத்துத் தெருமுனையில் திரும்பும்போது முதுகில் அடிவாங்கிப் புகைந்து சரிந்துவிட்டது. “மாமா, இத்தனை பெரிசை ரெண்டே ரெண்டு ஸ்குவாட் சேர்ந்து சாய்ச்சிருச்சு. இது என்ன நியாயம்?” என்றான்.

நியாயம்தான் என்று சொன்னேன். ஊரில் கோயில் திண்ணையில் கரிக்கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தை அவன் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது. அதில் 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாவி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. ஆனாலும் ஆடுகளைச் சிதறவிடாமல் ஒன்றையொன்று ஒட்டி நிறுத்தத் தெரிந்தவரிடம், புலி அசைய இடமின்றி அடைபட்டுப் போகும். அயர்ன் ஹார்வெஸ்ட் ஏறக்குறைய அதே கணக்கில்தான் இயங்குகிறது. மெக் என்பது புலி. ஸ்குவாட் எனப்படும் சிறு சிறு குழுக்களாக நகரும் காலாட்படை என்பது ஆடு. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை ஆட்டை நகர்த்துவதைப் பற்றியவை. புலியை இறக்குவது ஆறாவது படியில்தான் வருகிறது. ஆட்டத்திலும் அது அவ்வளவு தாமதமாகவே வர வேண்டும் என்பது என் கருத்து.

இது எந்த உலகம்?

ஜெர்மனியின் பிரேமன் நகரத்தைச் சேர்ந்த கிங் ஆர்ட் கேம்ஸ் உருவாக்கிய இந்த நிகழ்நேர உத்தி விளையாட்டு, 2020 செப்டம்பர் 1 அன்று கணினிக்கு வெளிவந்தது. முறை வைத்து ஆடும் சதுரங்கத்தைப் போலன்றி, இங்கே இரு தரப்பும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. நீங்கள் யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரமெல்லாம் எதிரிக்குக் கொடுத்த நேரம். போலந்து ஓவியர் யாகுப் ருஷால்ஸ்கி படைத்த 1920+ என்னும் கற்பனை உலகமே இதன் களம். அவருடைய ஓவியங்களில் முன்னால் உழவர்கள் கதிர் அறுத்துக்கொண்டிருப்பார்கள், மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும்; பின்னால் மூடுபனிக்குள் இரும்பால் ஆன ராட்சத நடைபொறிகள் நிற்கும். 2016இல் வெளிவந்த சைத் என்ற பலகை விளையாட்டும் இதே ஓவியங்களை ஒட்டி எழுந்ததுதான்.

பெயருக்குள் ஒரு மெய்யான வரலாறு இருக்கிறது. முதல் உலகப் போரில் வெடிக்காமல் மண்ணில் புதைந்துபோன குண்டுகள், பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் உழவு நேரத்தில் இன்றும் கொழுமுனையில் தட்டுப்படுகின்றன. ஆண்டுதோறும் வரப்போரம் சேரும் அந்தத் துருப்பிடித்த விளைச்சலைத்தான் அங்குள்ளவர்கள் இரும்பு அறுவடை என்று அழைக்கிறார்கள். மெய்யான போரில் டாங்கி முதன்முதலாக 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் களமிறங்கியது. விளையாட்டின் மாற்று வரலாற்றிலோ அந்த இடத்தை நடக்கும் மெக்குகள் பிடித்துக்கொண்டன. போலந்து இங்கே பொலானியா ஆகிறது, ஜெர்மனி சாக்சனி ஆகிறது, ரஷ்யா ரஸ்வியட் ஆகிறது. இரண்டு பெரிய வல்லரசுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நாடு பொலானியா என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், கதையும் அந்தந்தப் படையின் குணமும் பாதி புரிந்துவிடும்.

முதலில் கணினி

இதை நீட்டி எழுத விருப்பமில்லை. ஆனாலும் மூன்று விஷயங்களைச் சொல்லாமல் நகர முடியாது. முதலாவது, மௌஸ் இல்லாமல் இந்த விளையாட்டைத் தொடாதீர்கள். மடிக்கணினியின் தொடுபலகையை வைத்துக்கொண்டு ஐந்து ஸ்குவாட்களை ஐந்து திசைக்கு அனுப்புவது, ஒற்றை விரலால் வீணை வாசிப்பதற்குச் சமம். இரண்டாவது, படம் திக்கித் திணறினால் நிழல்களின் தரத்தை முதலில் குறையுங்கள். கட்டடங்கள் இடிந்து சிதறும் காட்சிகளில்தான் கணினி அதிகம் மூச்சு வாங்கும். நினைவகம் போதவில்லை என்று நான் கணினிப் பொருள்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு கடையில் இரண்டு ராம் பட்டைகளுக்குப் பணம் கொடுத்து, வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது உள்ளே ஒன்றுதான் இருந்தது. அங்கே வாங்கும் எதையும் கடை மேசையிலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள். மூன்றாவது, மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் கணினியுடன் ரவுட்டரையும் சேர்த்து யுபிஎஸ்ஸில் இணைத்துக்கொள்ள வேண்டும். பெங்களூரு மழையில் அரை விநாடி விளக்கு மினுக்கினாலும், இணையத்தில் நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் கையை விட்டுப் போய்விடும்.

முதல் படி: பொலானியாவின் கேம்பெய்னில் தொடங்குங்கள்

புதிதாக வருபவர்கள் நேராக ஸ்கர்மிஷ் (கதையில்லாத தனி மோதல்) அல்லது இணைய ஆட்டத்துக்குள் குதித்து, பத்து நிமிடத்தில் அடிவாங்கி வெளியே வருவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். கேம்பெய்ன் என்னும் கதை ஆட்டம் பொலானியா, ரஸ்வியட், சாக்சனி என்ற வரிசையில் மூன்று பகுதிகளாக அமைந்திருக்கிறது. இந்த வரிசையை மாற்றாமல் ஆடுங்கள். தொடக்கப் பாடமே அழகான ஒரு யோசனை: பனி பெய்த கிராமத்தில் சிறுமி அன்னா மற்ற பிள்ளைகளோடு பனிக்கட்டி உருண்டைகளை எறிந்து விளையாடுகிறாள். அந்த விளையாட்டுச் சண்டையிலேயே தேர்ந்தெடுப்பது, நகர்த்துவது, மறைவது ஆகிய மூன்றையும் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள்.

வளர்ந்த அன்னா கோஸ் தொலைதூரம் குறிபார்த்துச் சுடுபவள். அவளுடன் வோய்டெக் என்ற கரடி வருகிறது. இரண்டாம் உலகப் போரில் போலந்துப் படையின் பீரங்கித் தளவாடப் பிரிவு ஒன்றுடன் இத்தாலிவரை சென்ற மெய்யான கரடிக்கும் வோய்டெக் என்றுதான் பெயர். அன்னாவை ஆடுவதில் ஒரே ஒரு விதி: அவள் பின்னால், கரடி முன்னால். கரடி பாய்ந்து எதிரி வீரர்களைக் கலைக்கும்போது அன்னா தூரத்திலிருந்து ஒவ்வொருவராகச் சாய்க்க வேண்டும். இருவரையும் ஒரே பெட்டிக்குள் இழுத்துத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தே நகர்த்துவதுதான் தொடக்கக்காரர்கள் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் அன்னாவும் துப்பாக்கிக் குண்டுகளுக்கு நடுவில் போய் நின்றுகொள்வாள். இந்தச் சிறு பாடத்தை உள்வாங்கிக்கொண்டால், அன்னாவைப் போன்ற நாயகர்கள் இல்லாத சாதாரண ஸ்குவாட்களிலும் யாரை முன்னால் நிறுத்துவது, யாரைப் பின்னால் வைப்பது என்ற புத்தி தானாக வந்துவிடும்.

கேம்பெய்னை எளிய நிலையில் ஆடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் சில பணிகளை எளிய நிலையில் முடித்துவிட்டு, அவற்றையே நடுத்தர நிலையில் மீண்டும் ஆடினால் அதிகம் கற்கலாம். இரண்டாம் முறை கதை தெரிந்துவிடுவதால் கண் முழுக்க மேப்பின் மீது இருக்கும்.

இரண்டாம் படி: முதல் ஐந்து நிமிடம்

இந்த விளையாட்டில் இரண்டே மூலப்பொருள்கள்: இரும்பு, எண்ணெய். சாதாரணக் காலாட்படைக்கு இரும்புதான் முக்கியம். மெக்குகளுக்கு எண்ணெயும் நிறைய வேண்டும். இரண்டும் மேப்பில் அங்கங்கே இருக்கும் சுரங்கங்களிலிருந்தும் எண்ணெய்க் கிணறுகளிலிருந்தும் வருகின்றன. ஒரு காலாட்படை ஸ்குவாட் அங்கே போய்ச் சிறிது நேரம் நின்று கொடியை மாற்றினால்தான் அவை உங்களுடையவை ஆகும். மெக்கால் இந்த வேலையைச் செய்ய முடியாது. விளையாட்டின் மொத்தப் பொருளாதாரமும் காலால் நடக்கும் நாலைந்து வீரர்களின் கையில் இருக்கிறது என்பதை இந்த ஒரு விதியே சொல்லிவிடுகிறது.

ஆகவே ஆட்டம் தொடங்கியவுடன் தலைமையகத்திலிருந்து துப்பாக்கி வீரர்களை எடுத்து, அருகிலுள்ள இரும்புச் சுரங்கத்துக்கு ஒரு ஸ்குவாட், அடுத்ததற்கு இன்னொன்று என்று தனித்தனியே அனுப்புங்கள். மொத்தப் படையையும் ஒரே சுரங்கத்துக்கு அழைத்துச் செல்வது கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார முண்டியடிப்பதைப் போன்றது. இன்ஜினியர்கள் அந்த நேரத்தில் படைமுகாமைக் கட்டத் தொடங்கியிருக்க வேண்டும். அதை முடித்தபின் பட்டறையைக் கட்டலாம். மெக்குகள் அங்கிருந்துதான் வெளிவரும். மெக் மீதுள்ள ஆசையால் முகாமை விட்டுவிட்டுப் பட்டறையை முதலில் கட்டுகிறவர்கள், எண்ணெய்க் கிணறுகளைக் காக்க ஆளில்லாமல் பட்டறையைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

மேப்பில் சிதறிக் கிடக்கும் இரும்பு, எண்ணெய்ப் பெட்டிகளையும் போகிற போக்கில் பொறுக்கிக்கொள்ளுங்கள். என் மருமகனுக்கு இது பெரும் கௌரவக் குறைச்சலாகத் தோன்றியது. “போர்ல யாராவது பெட்டி பொறுக்குவாங்களா மாமா?” என்று கேட்டவன், அடுத்த ஆட்டத்தில் எதிரி அவனுடைய பாதிப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு இரண்டு நிமிடம் முன்னதாக மெக்கை இறக்கியபோது வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாவது நிமிடத்தில் சோதித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: வேலையில்லாமல் நிற்கும் இன்ஜினியர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் முன்னணிச் சுரங்கத்துக்கு அருகில் மணல் மூட்டை அடுக்கவோ முள்வேலி போடவோ அனுப்புங்கள். அப்போது அடுக்கிய மூட்டைகள்தான் பதினைந்தாவது நிமிடத்தில் உங்கள் வீரர்களைக் காப்பாற்றும்.

மூன்றாம் படி: மறைவு

கல்சுவர், மணல் மூட்டை, உடைந்த வண்டி, வீடு என எதன் பின்னால் மறைவு கிடைக்கும் என்பதை விளையாட்டே குறியிட்டுக் காட்டுகிறது. வெட்டவெளியில் நிற்கும் ஒரு ஸ்குவாட்டும் சுவருக்குப் பின்னால் நிற்கும் அதே ஸ்குவாட்டும் மோதினால், வெட்டவெளியில் நிற்பவர்கள் பிழைப்பது அரிது. மறைவு திசையைப் பொறுத்தது என்பதுதான் பலரும் மறந்துவிடும் செய்தி. கிழக்கிலிருந்து வரும் குண்டைத் தடுக்கும் சுவர், வடக்கிலிருந்து வரும் எதிரியைத் தடுக்காது. ஆகவே சுவருக்குப் பின்னால் எதிரி இருந்தால் நேராக மோதாமல், ஒரு ஸ்குவாட்டை முன்னால் நிறுத்திவிட்டு இன்னொன்றைப் பக்கவாட்டில் சுற்றி அனுப்புங்கள்.

வீடுகளுக்குள் புகுந்துகொள்வது தொடக்கத்தில் மிகவும் பாதுகாப்பாகத் தெரியும். எதிரியிடம் காலாட்படை மட்டும் இருக்கும்வரை அது உண்மைதான். அப்போதும்கூட கையெறிகுண்டு வீரர்களும் தீ உமிழ்வோரும் வீட்டுக்குள் இருப்பவர்களை வெளியேற்றிவிடுவார்கள். மெக் வந்துவிட்டால் கணக்கே மாறுகிறது. மெக் வீட்டைச் சுற்றிப் போகாது. வீட்டுக்குள் கால்வைத்து நடந்து மறுபக்கம் வரும், ஓடும் உத்தரமும் பொடிப்பொடியாகப் பறக்கும். சற்று முன்புவரை கோட்டையாக இருந்த வீடு, கண் முன்னால் வெட்டவெளியாகிவிடும். மெக்கின் காலடிச் சத்தம் கேட்டவுடன் வீட்டில் இருப்பவர்களை வெளியே எடுத்துவிடுங்கள். ஹெட்போன் போட்டு ஆடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு அந்தச் சத்தம்தான் காரணம்.

நான்காம் படி: செத்தவனின் ஆயுதம்

வேறு உத்தி விளையாட்டுகளிலிருந்து வருபவர்களுக்கு இந்தப் பகுதிதான் புதிது. ஒரு ஸ்குவாட் அழிந்தால், அவர்களுடைய ஆயுதம் தரையில் கிடக்கும். உங்கள் துப்பாக்கி வீரர்கள் அதை எடுத்துக்கொண்டால், அந்தக் கணமே அவர்கள் அந்த வகை வீரர்களாக மாறிவிடுவார்கள். தீ உமிழ்வோரை வீழ்த்தினால் நீங்களே தீ உமிழலாம். மெக் எதிர்ப்பு வீரர்களை வீழ்த்தினால் அவர்களுடைய கனரகத் துப்பாக்கி உங்கள் கையில். முகாமுக்குத் திரும்பிப் போய்ப் புதிய ஸ்குவாட் எடுக்கும் செலவும் நேரமும் மிச்சம். ஆட்களைக் கொன்றுவிட்டால் எதிரியின் எந்திரத் துப்பாக்கியையும் சிறு பீரங்கியையும்கூட அப்படியே கைப்பற்றலாம்.

இதில் ஒரு பொறுமை தேவை. தரையில் கிடப்பதையெல்லாம் மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் சுரங்கம் பிடிக்க ஆளிருந்தும் மெக்கைச் சுட ஆளில்லாத நிலை வரும். என் பழக்கம் இது: எப்போதும் இரண்டு ஸ்குவாட் மெக் எதிர்ப்புக்கு, ஒரு இன்ஜினியர் ஸ்குவாட் பழுது பார்க்க, ஒரு மருத்துவ ஸ்குவாட், மீதிப் பேர் எந்த ஆயுதத்தை எடுத்தாலும் எனக்குக் கவலையில்லை. சண்டையில் பிழைத்த ஸ்குவாட்கள் அனுபவத்தால் தேர்ச்சி பெற்று வலுவடைகின்றன. அதனால் குறைந்த ஆட்களோடு தப்பி வரும் பழைய ஸ்குவாட்டை முகாமுக்கு அழைத்து ஆள் நிரப்புவது, அதைச் சாகவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதைவிட எப்போதும் மேல்.

ஐந்தாம் படி: மெக்கை வீழ்த்துவது எப்படி

இங்கேதான் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். எல்லா மெக்குகளுக்கும் முன்புறக் கவசம் தடித்தது, பின்புறம் மெலிந்தது. முன்னால் நின்று சுடும் குண்டுகள் கவசத்தில் பட்டுச் சிதறும். அதே குண்டு பின்னால் பட்டால் உயிர்நிலைக் கோடு மளமளவென்று இறங்கும். பெரும்பாலான மெக்குகள் மெதுவாகத் திரும்பும் என்பது உங்களுக்குக் கிடைத்திருக்கும் இரண்டாவது வரம்.

என் மருமகனின் மெக் எப்படிச் சாய்ந்தது என்பதை அங்குலம் அங்குலமாகச் சொன்னால் இந்தப் பாடம் விளங்கும். ஒரு குறுகிய தெரு. இருபுறமும் ஓட்டு வீடுகள். தெருக்கோடியில் இடுப்புயரக் கல்சுவர். எதிரி தன்னுடைய சாதாரணத் துப்பாக்கி வீரர்களை அந்தச் சுவருக்குப் பின்னால் வெளிப்படையாக நிறுத்தியிருந்தான். அவர்களால் மெக்கை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அவர்களைப் பார்த்தவுடன் மெக் நேராக அவர்களை நோக்கித் தெருவுக்குள் நடந்தது. அதற்குள் எதிரியின் மெக் எதிர்ப்பு ஸ்குவாட் ஒன்று இடப்பக்கச் சந்தில், வீட்டுச் சுவரின் மறைவில் காத்திருந்தது. மெக் சந்தைக் கடந்து இரண்டடி முன்னே போனபிறகுதான் அவர்கள் சுட்டார்கள், முதுகில். மருமகன் பதறிப்போய் மெக்கை இடப்பக்கம் திருப்பினான். அது உடலைச் சுற்றிக்கொண்டு முகத்தைக் கொண்டுவருவதற்குள் அவர்கள் சந்துக்குள் பின்வாங்கிவிட்டார்கள். அவன் துரத்தினான். அந்த நேரத்தில் வலப்பக்கச் சந்திலிருந்து இரண்டாவது ஸ்குவாட் வெளியே வந்தது. இப்போது முதுகு அவர்களுக்குக் கிடைத்தது. மீண்டும் திருப்பினான், மீண்டும் முதல் ஸ்குவாட். மூன்று முறை திரும்பியதில் அவனுடைய மெக் ஒரே ஒரு வீட்டை இடித்தது. ஒரு எதிரியைக்கூடக் கொல்லவில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வரிசை இப்படி இருக்கும். தூண்டில் போடும் ஸ்குவாட்டை மறைவில் வைத்து எதிரி கண்ணில் படும்படி நிறுத்துங்கள். அடிக்கும் ஸ்குவாட்களை எதிரெதிர்ச் சந்துகளில் மறைத்து வையுங்கள்; இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால் மெக் ஒருமுறை திரும்பியவுடன் இரண்டும் அதன் வாயில் விழும். மெக் அவர்களைக் கடக்கும்வரை சுட விடாதீர்கள். தானாகச் சுடத் தொடங்கிவிடுவார்கள் என்று தோன்றினால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்துங்கள். மெக் திரும்பும் பக்கத்து ஸ்குவாட் உடனே பின்வாங்க வேண்டும், எதிர்ப்பக்கத்து ஸ்குவாட் உடனே முன்னேற வேண்டும். இரண்டு ஸ்குவாட்களுக்கும் விசைப்பலகையில் 1, 2 என்று எண் ஒதுக்கிவைத்தால்தான் இந்த வேகம் கைக்கு வரும். ஆடுபுலி ஆட்டத்தில் ஓர் ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆட்டை வைத்துப் புலியைத் தாவவிடாமல் செய்வதும் இதே சூட்சுமம்தான்.

திறந்த வயலில் சந்துகள் இருக்காது. அங்கே மெக்கோடு மோதவே வேண்டாம். எதிரி வரக்கூடிய பாதையில் கண்ணிவெடி புதைத்து, சுரங்கத்தை விட்டுக்கொடுத்துக் கிராமத்துக்குள் இழுத்து வாருங்கள்.

ஆறாம் படி: உங்கள் மெக்கை இறக்குவது

இரண்டு எண்ணெய்க் கிணறுகளாவது கையில் உறுதியாக நின்ற பிறகே முதல் மெக்கைக் கட்டுங்கள். முதலில் சிறியதையே கட்டுங்கள். வேகமாக நடக்கும் ஒரு சிறு மெக், எதிரியின் சுரங்கக் காவலைக் கலைத்துவிட்டுத் திரும்பி வரும். அதன் விலை குறைவு என்பதால் போனாலும் நஷ்டம் பெரிதல்ல. பட்டறையை மேம்படுத்தினால்தான் கனரக மெக்குகள் கிடைக்கும். அந்தச் செலவைச் செய்யும் நேரத்தில் முன்னணி மெலிந்துவிடக் கூடாது.

மெக் எங்கே போனாலும் கூடவே ஒரு இன்ஜினியர் ஸ்குவாட்டும் இரண்டு துப்பாக்கி ஸ்குவாட்களும் போக வேண்டும். இன்ஜினியர்கள் பழுது பார்ப்பார்கள். துப்பாக்கி வீரர்கள் சந்துகளை முன்கூட்டியே துழாவுவார்கள். பின்வாங்கும்போது மெக்கைத் திருப்பாமல், முகம் எதிரியை நோக்கியே இருக்கும்படி பின்னோக்கி நடத்துங்கள். அதற்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது. அதை முதல் நாளே பழகிக்கொள்ளாதவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி விலையுயர்ந்த மெக்குகளை இழக்கிறார்கள்.

ஆட்டத்துக்கு முன்பே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளும் ரிசர்வ் படையை இங்கே பயன்படுத்தலாம். பலர் ரிசர்வில் பெரிய மெக்கையே வைக்கிறார்கள். தொடக்கக்காரர்கள் ஒரு நாயகனையும் நடுத்தர மெக் ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது. இக்கட்டான நேரத்தில் பெரிய மெக்குக்கு வேண்டிய எண்ணெய் கையில் இருக்கவே இருக்காது.

ஏழாம் படி: எந்தப் படை?

பொலானியாவின் பலம் சுறுசுறுப்பு. அவர்களுடைய கனரக மெக்குக்கு டூர் என்று பெயர். போலந்து மொழியில் அது அரோக்ஸ் என்னும் காட்டெருதைக் குறிக்கும். அந்த இனத்தின் கடைசி விலங்கு 1627இல் போலந்தின் யாக்டோரூவ் காட்டில்தான் இறந்தது. சாக்சனி தடித்த கவசமும் கனத்த பீரங்கியும் கொண்ட படை. கிரிம்பார்ட், ஈசெக்ரிம் என்ற அவர்களுடைய மெக்குகளின் பெயர்கள் பழைய நரிக் கதைகளில் வரும் வளைக்கரடியும் ஓநாயும். ஸ்டீஃப்முட்டர் என்றால் மாற்றாந்தாய், அது தூரத்திலிருந்து குண்டு பொழியும். ரஸ்வியட் கிட்டே நெருங்கி நசுக்கும் படை. அவர்களுடைய குல்யாய் கோரோட் என்ற நடமாடும் கோட்டையின் பெயர், ரஷ்யர்கள் 1572இல் மொலோடி போரில் பயன்படுத்திய நகரும் மரக் கோட்டைக்கு உரியது. ரஸ்வியட்டின் ஓல்கா ரொமனோவா, சாங்கா என்ற புலியுடன் வருகிறாள். ஆடுபுலி ஆட்டத்தை வளர்த்த மண்ணிலிருந்து வருகிறவர்களுக்கு அவளைப் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

தொடக்கத்துக்கு என் தேர்வு பொலானியா. அந்தப் படையில் மோதிப் பார்க்கும் சோம்பேறித்தனம் செல்லாது. சுற்றிப் போய் அடிக்கும் பழக்கம் கட்டாயமாக வந்துவிடும். சாக்சனியில் தொடங்கியவர்கள் கவசத்தை நம்பியே ஆடிப் பழகி, பின்னர் திருத்திக்கொள்ளச் சிரமப்படுகிறார்கள். 2021இல் வந்த ஆபரேஷன் ஈகிள் விரிவாக்கம், அமெரிக்காவின் சாயலில் உசோனியா என்ற நான்காவது படையையும் எல்லாப் படைகளுக்கும் வான்கலங்களையும் சேர்த்தது. வான்கலங்கள் சந்து பொந்துக் கணக்கையெல்லாம் ஓரளவு கலைத்துவிடுகின்றன. அடிப்படை ஆட்டம் கைவந்த பிறகே அதைத் தொடுங்கள்.

எட்டாம் படி: இணைய ஆட்டம்

ஒருவருக்கு ஒருவர் முதல் மூவருக்கு மூவர் வரை ஆடலாம். மேப்பில் உள்ள வெற்றிக் கொடிகளைப் பிடித்து வைத்துப் புள்ளி சேர்ப்பதும் வெல்லும் வழி. எதிரியின் தளத்தை அழிப்பது மட்டுமே வழி என்று நினைத்துக்கொண்டு மெக் படையோடு நேராகத் தளத்துக்கு நடப்பவர்கள், தளத்தை இடித்துக்கொண்டிருக்கும்போதே புள்ளிக் கணக்கில் தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன். எதிரியின் மெக் எங்கே இருக்கிறதோ அங்கே சண்டை போடாமல், அது இல்லாத கொடிக்கு ஸ்குவாட்களை அனுப்புங்கள். மெக் ஒரே நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும்.

நட்பு அணியோடு ஆடும்போது ஒருவர் மெக்கையும் மற்றவர் காலாட்படையையும் பொறுப்பேற்றுக்கொள்வது எங்களுக்குப் பலன் தந்தது. போன சனிக்கிழமை இருவருக்கு இருவர் ஆட்டத்தில் மருமகன் மெக்கே வேண்டாம் என்றான். கடைசி நிமிடங்களில் எதிரியின் கைசர், சாக்சனியின் மிகப் பெரிய மெக்குகளில் ஒன்று, நடுக்கொடியை நோக்கி நடந்து வந்தது. என்னுடைய மெக் ஏற்கெனவே பழுதாகி முகாமில் கிடந்தது. “மாமா, நீங்க சுவருக்குப் பின்னாடி நின்னு அவனை இந்தப் பக்கம் பாக்க வைங்க, போதும்” என்றான். நின்றேன். என் துப்பாக்கி வீரர்களில் இரண்டு பேர் மிச்சமிருந்தபோது இடப்பக்கச் சந்திலிருந்து முதல் குண்டு பாய்ந்தது. கைசர் திரும்பத் தொடங்கியது. வலப்பக்கச் சந்தில் யார் காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், எதிரிக்குத் தெரியாது.